மருதாயி சொன்னதும் மூன்று நீதிபதிகள் படித்ததும்

பகல் தூக்கத்தில் நான் பேசுவதாக என் மனைவி சொல்கிறாள். அதுவும் ஒரே ஆளாகப் பேசுவதில்லையாம். ஒரு நாள் திருட்டுக் கொடுத்தவன் போல, ஒரு நாள் போலீஸ்காரன் போல, சில நாள் பெண்பிள்ளை போல. எனக்கு அதில் வியப்பு ஒன்றும் இல்லை. வேலையில் இருந்த காலம் முழுக்க மற்றவர்களுடைய ‘நான்’ என்ற சொல்லைச் சொல்லியே சம்பளம் வாங்கியவன் நான். கோலாலம்பூர் சுப்ரீம் கோர்ட்டில் தமிழ்த் துபாஷியாக, சாட்சி சொல்வதை ஆங்கிலத்தில் சொல்கிறவனாக இருந்து ஓய்வு பெற்றிருக்கிறேன்.

என் இடத்தில் இப்போது உட்காருகிற தம்பி போன மாதம் பிரிக்ஃபீல்ட்ஸில் என் வீட்டுக்கு வந்திருந்தார். காபி குடித்துக்கொண்டே குறைப்பட்டுக்கொண்டார்.

“அப்பீல் நடக்கிற அன்னிக்குத்தாண்ணே கஷ்டமா இருக்கு. சாட்சின்னு ஒருத்தரும் கூண்டுல ஏறுறதில்ல. மூணு ஜட்ஜுங்க காகிதத்தப் படிக்கிறாங்க, ரெண்டு வக்கீலுங்க பேசுறாங்க. நமக்கு அங்க என்ன வேல? தூக்கம்தான் வருது லா.”

நானும் அங்கே தூங்கியிருக்கிறேன் என்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு மழை பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தில் உட்கார்ந்திருந்தபோது, ஒரு நிமிஷம்கூடக் கண்ணை மூட முடியாமல் போன ஒரு அப்பீல் நினைவுக்கு வந்தது.

என் அப்பா ரயில் பாதை போட வந்தவர். பிரிக்ஃபீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில்தான் நான் பிறந்தேன். பாதிரிமார் பள்ளியில் படித்தேன். கிள்ளான் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் எழுத்தராகச் சேர்ந்தேன். ஜெர்மன் யுத்தம் முடிந்த கொஞ்ச காலத்தில் துபாஷி ஆனேன். தலைமைத் துபாஷி யாழ்ப்பாணத்துக்காரர். அவர் எனக்குப் போட்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான். “‘அவள் சொல்கிறாள்’ எண்டு நீர் ஒருநாளும் சொல்லக் கூடாது. அவள் ‘நான்’ எண்டால் நீரும் ‘நான்’ எண்டு சொல்லும். உம்முடைய புத்தியை அதிலே கலக்க வேண்டாம்.”

கோலாலம்பூருக்கு மாறிய பிறகு நான் அதிகம் வேலை செய்தது ஒரு வெள்ளைக்கார நீதிபதியிடம். நெடிய உருவம், கூன் விழுந்த தோள். சாட்சி சொல்வதையெல்லாம் அவரே கைப்பட எழுதுவார். ஒரு வாக்கியத்தை நான் ஆங்கிலத்தில் சொன்னதும் இடது கையை லேசாக உயர்த்துவார். எழுதி முடிக்கும்வரை அந்தக் கை இறங்காது. அதுவரை கூண்டில் நிற்பவரும் பேசக் கூடாது, நானும் பேசக் கூடாது. பேனா முள் காகிதத்தில் கீறும். ஜன்னலுக்கு வெளியே கோம்பாக் ஆறு போகிற சத்தம் கேட்கும். கொலை வழக்கானாலும் அந்த இடைவெளியில் ஒரு தூக்கக் கலக்கம் போன்ற அமைதி வந்து இறங்கும். கை கீழே வந்ததும் அடுத்த வாக்கியம்.

அந்தக் கையெழுத்துக் காகிதங்கள்தான் பிறகு அப்பீலுக்குப் போகும். அப்பீல் நீதிபதிகளுக்குச் சாட்சியின் முகம் தெரியாது, குரல் தெரியாது. அவர்கள் முன்னால் இருப்பது காகிதம் மட்டும்தான்.

பெண்கள் மீதான பலாத்கார வழக்குகளில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரிய வந்தது ஒரு தையற்காரரின் அப்பீலில். பக்கத்து வீட்டுப் பெண் குற்றம் சொல்ல, கீழ்க் கோர்ட்டில் தண்டித்திருந்தார்கள். அவளுடைய பேச்சைத் தவிர வேறு எதுவும் இல்லை. இப்படிப்பட்ட வழக்கில் ஒருவருடைய சொல்லை மட்டும் வைத்துத் தண்டிப்பது ஆபத்து என்று தண்டித்த நீதிபதி தனக்குத்தானே எச்சரிக்கை சொல்லிக்கொண்டதற்கு அடையாளமே தீர்ப்பில் இல்லை. மேல் கோர்ட்டு தண்டனையை ரத்து செய்தது. “அந்தப் பெண் பொய் சொன்னாள் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்களுக்கு நிச்சயம் இல்லை என்றுதான் சொல்கிறோம்” என்றார்கள். அதை நான்தான் தமிழில் சொன்னேன். தையற்காரர் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அவர் குற்றவாளியா இல்லையா என்று எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. அந்தப் பெண்ணை அதற்குப் பிறகு பிரிக்ஃபீல்ட்ஸில் யாரும் பார்க்கவில்லை.

மருதாயி வழக்கு வந்தது ரப்பர் விலை விழுந்து தோட்டங்களில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த காலத்தில். கிள்ளானுக்கு வடக்கே மேரு என்ற ஊர்ப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டம். அவள் பால்மரம் வெட்டுகிறவள், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவள், கைக்குழந்தைக்காரி. எதிரி அந்தத் தோட்டத்துப் பெரிய கங்காணி. தோட்டத்துக்கு ஆள் கொண்டுவந்தவர் அவர், கூலிகள் குடியிருந்த லயத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்தவரும் அவர்தான். யாருக்கு வேலை உண்டு, யாருக்கு இல்லை என்பது அவர் வாயில் இருந்தது. மருதாயியின் புருஷன் சின்னான் அவரோடு சண்டை போட்டுக்கொண்டு, தோட்டத்தை விட்டு போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போயிருந்தான். மனைவியையும் பிள்ளையையும் கூட்டிக்கொள்ள அங்கே இடம் கிடைக்கவில்லை. அவள் மட்டும் லயத்தில் இருந்தாள்.

சாட்சிக் கூண்டில் அவள் நின்றது இப்போதும் கண்ணில் இருக்கிறது. முக்காடு போட்டிருந்தாள். இடது பக்கம் முடி கழுத்தளவில் கத்தரித்திருந்தது. பேச்சு மெதுவாக வந்தது. ஆனால் நீதிபதியின் கை உயர்வதையும் இறங்குவதையும் அவள் சீக்கிரமே புரிந்துகொண்டாள். கை இறங்கும்வரை காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து எடுத்தாள். அவள் தமிழில் ‘நான்’ என்பாள். மீசை வைத்த நான் அவள் பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் ‘நான்’ என்பேன். வெகுநேரம் அப்படிப் போனதில் எது அவள் குரல், எது என் குரல் என்று எனக்கே மயங்கியது.

மரக்காட்டில் நடந்ததை நான் இங்கே எழுதப் போவதில்லை. கோர்ட்டில் ஒருமுறை என் வாயால் சொன்னேன், அது போதும். பால் எடுக்கிற நேரம் கங்காணி வந்ததையும், அவள் திமிறியதில் பால் வாளி கவிழ்ந்ததையும், அந்தப் பால் அவள் தலையில் கொட்டியதையும் சொன்னால் போதும்.

ஒரு இடத்தில் அவள், “பேச்சு மூச்சு இல்லாம இருந்தேன்” என்றாள். நான் அதை அப்படியே ஆங்கிலத்தில் வைத்தேன். நீதிபதி எழுதிவிட்டு நிமிர்ந்தார். மயங்கிவிட்டாளா என்று கேட்கச் சொன்னார்.

“மயங்கல” என்றாள் மருதாயி. “சத்தம் போடத்தான் வாயத் தொறந்தேன். வாயி தொறந்துச்சு. சத்தம் வரல.”

நீதிபதியின் கை அன்று வழக்கத்தைவிட வெகுநேரம் உயர்ந்தே இருந்தது.

பிறகு அவள் ஆயாக்கொட்டகைக்குப் போய்ப் பிள்ளையை வாங்கியிருக்கிறாள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவும் வந்து சாட்சி சொன்னார். கங்காணியைப் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்தபடியே சொன்னார். “அவ ஒண்ணும் சொல்லலீங்க. தலையெல்லாம் பாலு காஞ்சு ஒட்டியிருந்துச்சு. புள்ளைய வாங்குனா. கையி ஆடுச்சு. நான் புள்ளைய விழுந்துருமோன்னு கூடவே புடிச்சிக்கிட்டேன்.”

அன்றே பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தும் மாட்டு வண்டியில் ஏறியும் துறைமுகத்துக்குப் போய்ப் புருஷனிடம் சொன்னாள். மறுநாள் காலையில் இருவரும் கிள்ளான் போலீஸுக்குப் போனார்கள். பால் ஒட்டி இறுகிப்போன முடியைக் கத்தரித்து ஒரு துணியில் முடிந்து வைத்திருந்தாள். அதைப் போலீஸ் சாட்சிப் பொருளாக எடுத்துக்கொண்டது.

கடைசிச் சாட்சி மேருவில் குடியிருந்த ஒரு ஜாவாக்காரர். பாக் சாலே என்பார்கள். வாழைத்தார்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தோட்டத்துச் செம்மண் பாதை வழியாகக் கிள்ளான் பாசாருக்கு விற்கப் போகிறவர். அவருக்கு மலாய்த் துபாஷி. அன்று காலை மரக்காட்டிலிருந்து கங்காணி வெளியே வந்ததைப் பார்த்தேன் என்றார் அவர். வெள்ளை வேட்டியில் முழங்கால்வரை ரப்பர்ப் பால் வழிந்திருந்ததாம். பால் கொட்டிவிட்டதா என்று இவர் கேட்டாராம். எப்போதும் நின்று பேசுகிற கங்காணி அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாராம்.

கங்காணியோ அன்று காலை முழுக்கக் கடையை விட்டு இறங்கவே இல்லை என்று போலீஸிலும் சொன்னார், கோர்ட்டிலும் சொன்னார். நீதிபதியும், அவருக்கு அபிப்பிராயம் சொல்லக் கூட உட்கார்ந்த இரண்டு அசெசர்களும் அவரைக் குற்றவாளி என்றார்கள். சிறைக்கு அனுப்பினார்கள். கங்காணி அப்பீல் செய்தார். கோலாலம்பூரில் பேர் போன வெள்ளைக்கார வக்கீலை வைத்தார்.

தீர்ப்பு வந்த அன்று கோர்ட்டுத் தாழ்வாரத்தில் மருதாயி என்னிடம் கேட்டாள். “ஐயா, மேல கோர்ட்டுக்கு நான் எப்ப வரணும்?”

“நீங்க வர வேண்டியதில்லம்மா. நீங்க சொன்னத எழுதி வச்சிருக்காங்க. அதப் படிப்பாங்க.”

“என்னப் பாக்க மாட்டாங்களா?”

“மாட்டாங்கம்மா.”

அவள் சின்னானைப் பார்த்தாள். அவன் தூணோரம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். வழக்கு நடந்த நாட்களில் அவர்கள் இருவரும் பேசி நான் பார்க்கவில்லை.

அப்பீல் நாளன்று காலையிலிருந்தே வானம் இருட்டிக்கொண்டு இருந்தது. மூன்று நீதிபதிகள். வழக்கை விசாரித்த எங்கள் நீதிபதி அதில் உட்கார முடியாது. நடுவில் இருந்தவர் வயதானவர், கண்ணை மூடிக்கொண்டே கேட்கிறவர். கங்காணியைச் சிறையிலிருந்து கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அதனால்தான் நான்.

வக்கீல் படிக்க ஆரம்பித்தார். நான் அன்று கூண்டருகே நின்று சொன்ன ஆங்கிலம் ஒரு வெள்ளைக்காரரின் கனத்த குரலில் திரும்பி வந்தது. ‘நான் பால் எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் வந்தார். நான் போகச் சொன்னேன்.’ மழை விழத் தொடங்கியது. காகிதத்தில் இருந்தது மருதாயி பேசியதுதான், ஆனால் அதில் மருதாயி இல்லை. கனவில் தெரிந்தவர் ஒருவரைப் பார்த்து முகம் மட்டும் பிடிபடாமல் போகுமே, அப்படி இருந்தது எனக்கு.

வக்கீல் கெட்டிக்காரர். கூச்சல் இல்லை, உடம்பில் காயம் இல்லை என்றார். பிறகு மெதுவாக அந்த ஒரு ராத்திரிக்கு வந்தார். புருஷனுக்கும் கங்காணிக்கும் பகை. அவள் போலீஸுக்குப் போகவில்லை, முதலில் புருஷனிடம் போகிறாள். ஒரு ராத்திரி கழிகிறது. காலையில் புகார் வருகிறது. “அந்த ராத்திரியில் இந்தக் கதை பிறந்தது, கனம் நீதிபதிகளே” என்றார். சொன்ன விதத்தில் எனக்கே ஒரு கணம் அது நடந்தது போலத் தெரிந்தது. தையற்காரரின் அழுகை காதில் கேட்டது. இவரும் வெளியே போய்விடுவார், மறுபடி அந்தத் தோட்டத்துக்கே கங்காணியாகப் போவார் என்று நினைத்தேன்.

நடு நீதிபதி கண்ணைத் திறக்காமலே கேட்டார். “கூச்சல் இல்லை என்றீர்கள். அடுத்த பக்கத்தையும் படியுங்கள். நீதிபதி கேட்ட கேள்வியும் பதிலும்.”

வக்கீல் பக்கத்தைப் புரட்டினார். “‘நான் மயங்கவில்லை. சத்தம் போட வாயைத் திறந்தேன். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.’”

நடு நீதிபதி கண்ணைத் திறந்தார். அந்த முடியைக் கொண்டுவரச் சொன்னார்.

குமாஸ்தா துணி முடிச்சை அவிழ்த்து மேசையில் வைத்தார். காய்ந்த பாலில் ஒட்டி, கறுத்து, கயிறு போல இறுகிக் கிடந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். நடு நீதிபதி மட்டும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

“பால்மரம் வெட்டுகிற எந்தப் பெண்ணின் தலையிலும் பால் கொட்டலாம்” என்றார் வக்கீல்.

“கொட்டலாம்” என்று ஒத்துக்கொண்டார் நீதிபதி. “கங்காணியின் வேட்டியிலும் கொட்டலாம். அந்த ஜாவாக்காரரைப் பற்றி என்ன சொல்கிறீர்கள்?”

அவர் ஆளை மாற்றிப் பார்த்திருக்கலாம், அல்லது அவருக்கும் கங்காணியோடு ஏதாவது தகராறு இருந்திருக்கலாம் என்றார் வக்கீல்.

“கீழே அவரைக் குறுக்கு விசாரணை செய்தபோது உங்கள் தரப்பில் இதைக் கேட்டார்களா?”

வக்கீல் காகிதத்தைப் பார்த்தார். “கேட்கவில்லை.”

“அவர் பதில் சொல்ல முடியாத இடத்தில் இப்போது கேட்கிறீர்கள்.”

அரசாங்க வக்கீல் பேசிய பிறகு மூவரும் எழுந்து உள்ளே போனார்கள். மழை கோர்ட்டுக்கு எதிரே பாடாங் மைதானத்தின் புல்வெளியை மறைத்துக்கொண்டு பெய்தது. மணிக்கூண்டு மணி அடித்தது தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போலக் கேட்டது. கங்காணி கம்பிக்குள்ளிருந்து என்னிடம் தணிந்த குரலில், “தம்பி, எப்படி இருக்கும்னு தோணுது?” என்றார். எனக்குத் தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியவில்லை.

திரும்பி வந்தார்கள். நடு நீதிபதி சொல்லச் சொல்ல நான் கங்காணிக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

ஒரு பெண்ணின் சொல்லை மட்டும் வைத்துத் தண்டிக்கச் சட்டத்தில் தடை இல்லை. ஆனாலும் வேறு இடத்திலிருந்து அதற்கு ஆதரவு தேடுவது கோர்ட்டுகளின் பழக்கம். விசாரித்த நீதிபதி அந்த ஆபத்தை மறக்கவில்லை, அதைத் தன் தீர்ப்பில் எழுதியே இருக்கிறார். அவள் புருஷனிடம் சொன்னது ஆதரவு ஆகாது. ஒரே வாய் எத்தனை பேரிடம் சொன்னாலும் அது ஒரே வாய்தான். ஆனால் ஆயா அவளைப் பார்த்தது அவள் புருஷனைச் சந்திப்பதற்கு முன்னால். அப்போதே தலையில் பால் இருக்கிறது, கை நடுங்குகிறது. கதை அந்த ராத்திரியில் பிறந்தது என்றால், நடுக்கம் பகலிலேயே எப்படி வந்தது? அந்த நடுக்கமும் தலையில் கொட்டிய பாலும் யார் செய்தது என்று சொல்லாது. அதைச் சொல்வது பாக் சாலே. அவருக்கு இந்தச் சண்டையில் பங்கில்லை. கடையை விட்டு இறங்கவே இல்லை என்றவர் மரக்காட்டிலிருந்து பால் வழியும் வேட்டியோடு வருகிறார். மனிதர்கள் வேறு பயத்துக்காகவும் பொய் சொல்வது உண்டு, அதையும் யோசித்தோம். ஆனால் இந்த மனிதருக்கு அங்கே வேறு எதை மறைக்க வேண்டியிருந்தது என்று அவர் தரப்பில் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. கடைசியாக, நாங்கள் அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை. பார்த்தவர் நம்பினார். அவர் நம்பியது தவறு என்று சொல்ல இந்தக் காகிதங்களில் எங்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை.

“உங்க அப்பீல் தள்ளுபடி ஆயிருச்சு” என்று நான் முடித்தேன். கங்காணி தலையை ஆட்டினார், வேறு யாருடைய சேதியையோ கேட்டது போல. அவரைக் கொண்டுபோனார்கள்.

தாழ்வாரத்தில் எங்கள் நீதிபதி நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தீர்ப்பு அவருக்குத் தெரிந்திருந்தது. “அந்தப் பெண்ணுக்கு யாராவது சொல்வார்களா?” என்று கேட்டார்.

“அப்படி வழக்கம் இல்லை, துவான்.”

“வழக்கம் இல்லை என்று எனக்கும் தெரியும்” என்றார். அறைக்குள் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நான் ரயிலேறிப் போர்ட் சுவெட்டன்ஹாமுக்குப் போனேன். தோட்டத்தில் மருதாயியை வைத்துக்கொள்ளவில்லை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கொப்பரைக் கிடங்கில் அவள் வேலை செய்வதாகப் போலீஸ்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். வெயிலில் தேங்காய்ப் பருப்பைப் பரப்பிக்கொண்டிருந்தாள். காற்றெல்லாம் எண்ணெய் வாசனையும் உப்பும் கலந்து கனமாக இருந்தது. பிள்ளை சாக்கு மேல் தூங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், கூண்டில் நிற்பது போலவே.

“தள்ளுபடி பண்ணிட்டாங்கம்மா. அவரு வெளிய வர மாட்டாரு.”

நான் மூன்று நீதிபதிகளும் சொன்னதை முதலிலிருந்து அவளுக்குச் சொன்னேன். முடி, ஆயா, பாக் சாலே, எல்லாம். வாய் திறந்தும் சத்தம் வராததை வக்கீலே படித்ததைச் சொன்னபோது மட்டும் முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

முடித்த பிறகு கேட்டாள். “இத அவருகிட்டயும் சொல்றீங்களா, ஐயா?”

“சின்னான் உங்ககூட இல்லியா?”

“மூட்ட தூக்குறவங்க லயத்துல இருக்காரு. வருவாரு, புள்ளையப் பாப்பாரு, போயிருவாரு. ஒண்ணும் கேக்க மாட்டாரு.” பிறகு, “நீங்க சொல்லுங்க. நான் சொன்னா அது நான் சொன்னதாத்தான் இருக்கும்” என்றாள்.

சின்னான் வேலை முடிந்து வரும்வரை காத்திருந்தோம். கப்பல் ஒன்று புகை விட்டுக்கொண்டு நகராமல் நின்றது. அவன் வந்தான். தோளெல்லாம் மாவுத் தூசி. என்னைக் கண்டதும் திரும்பிப் போய்விடுவானோ என்று நினைத்தேன். போகவில்லை. மறுபடி எல்லாவற்றையும் சொன்னேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். அந்த ராத்திரியில் கதை பிறந்தது என்று வக்கீல் சொன்ன இடத்தில் அவன் கழுத்து நரம்பு புடைத்தது. ஆயா சொன்ன இடத்தில் முதல்முறையாக நிமிர்ந்து மருதாயியின் கையைப் பார்த்தான்.

நான் நிறுத்தியதும் அவன் கேட்டான். “அந்த ஜாவாக்காரரு வீடு எங்க இருக்கு?”

“எதுக்குப்பா?”

“போயி ஒரு வார்த்த சொல்லணும். நம்ம ஆளுங்கள்ல ஆயாவத் தவிர ஒருத்தரும் வாயத் தொறக்கல. அவரு வந்து சொன்னாரே.”

எனக்கு அந்த வீடு தெரியாது. மருதாயி பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

“மேருல, தோட்டத்தத் தாண்டி. எனக்கு வழி தெரியும்” என்றாள்.

அவன் அவளிடமிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டான். கிள்ளான் பக்கம் போகிற மாட்டு வண்டி ஒன்று நின்றது. இருவரும் அதில் ஏறிக்கொண்டார்கள்.